பாறைக்குக் கூரை போட்ட நாட்டாமை

ஒரு காட்டில், ஓடைக்கரை மேட்டில், எலிகள் வரிசையாக ஆறு வளை தோண்டிக் குடியிருந்தன. முதல் வளை, பாறையை ஒட்டி இருந்தது. அது பெருச்சாளி நாட்டாமையின் வீடு. கடைசி வளை சுண்டெலி சிட்டாயியின் வீடு. அவளுக்கு இன்னும் கண் திறக்காத குட்டிகள் ஒரு கூட்டம்.

ஒருநாள் மேற்கே வானம் கருகருவென்று திரண்டது. வளைகளின் வாயெல்லாம் வானம் பார்த்தவை. மழை இறங்கினால் உள்ளே குளம்தான்!

தேக்கு மரத்துக் குரங்கு இலை பறித்துப் போட்டது. சும்மா இல்லை, இலைக்கு ஒரு குவியல் கடலை! எலிகள் மூன்று இலை வாங்கின.

"இன்னொரு இலைக்குக் கடலை கொடுத்தா, மழைக்காலம் பூரா வயித்துல ஈரத்துணிதான்" என்று கையை விரித்தன.

ஒரு இலை பக்கத்துப் பக்கத்து வளை இரண்டை மூடும். ஆறு வளைக்கு மூன்று இலை போதும்தான். ஆனால் நாட்டாமை மீசையை முறுக்கினார்.

"இலையோட நடு நரம்பு என் வாசலுக்கு நேரா வரணும். ஓரத்துல ஒண்டிக்க நான் என்ன விருந்தாளியா?"

அப்படியே போட்டார்கள். பாதி இலை வெறும் பாறைமேல் கிடந்தது. மறுபாதி அடுத்த வாசலுக்கு எட்டவில்லை. மிச்சம் இரண்டு இலை அடுத்த நான்கு வீட்டுக்குச் சரியாகப் போயிற்று. சிட்டாயி வீடு திறந்து கிடந்தது.

சிட்டாயி ஓடி வந்தாள். "மாமா, என் பிள்ளைங்களுக்கு இலை போத்தும்போது ஓரத்துப் பிள்ளைகிட்ட இருந்துதான் இழுத்துப் போத்துவேன். அவன் நடுவுல இருக்கணும்னு போத்தினா பாதி இலை தரைக்குல்ல போகும்? உங்க இலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுங்க. எல்லாருக்கும் எட்டும்."

"பாலூட்டுற வேலையைப் போய்ப் பாரு. எனக்கே பாடம் சொல்ல வந்துட்டா!"

பொட்டென்று ஒரு துளி அவள் மூக்கில் விழுந்தது. சிட்டாயி விறுவிறுவென்று ஓடைக்கு இறங்கினாள். அங்கிருந்த தவளையின் காதில் ஏதோ சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் நாட்டாமையின் இலைக்கு அடியில், பாறைமேல், 'தொப்'பென்று சத்தம்.

"யாரடா அது?"

"நான்தான்யா, தவளை. எனக்குன்னு கூரை போட்ட மகராசா, நீங்க நல்லா இருக்கணும்!"

"உனக்கு யாருடா போட்டது?"

"பாறைல நீங்க குடியில்லையே! அப்ப எனக்குத்தானே? எங்க சித்தப்பன், பெரியப்பன், மச்சான்மார் எல்லாம் வந்துக்கிட்டே இருக்காங்க. உங்க காதோரமா விடிய விடியப் பாட்டுக் கச்சேரிதான்!"

நாட்டாமை காதைப் பொத்திக்கொண்டார்.

"டேய், இழுங்கடா இலையை! பாறைமேல ஒரு நுனிகூட இருக்கக்கூடாது!"

இலை நகர்ந்தது. ஓரம் நாட்டாமையின் வாசலில் நின்றது, மறு ஓரம் அடுத்த வாசலையும் மூடியது. அடுத்த இலையும் தள்ளிப் போயிற்று, கடைசி இலையும் தள்ளிப் போயிற்று. சிட்டாயி இலையின் நுனியைக் கவ்வித் தன் வாசலுக்கு இழுக்கவும், மழை சோவென்று கொட்டவும் சரியாக இருந்தது.

நாட்டாமை இலையிடுக்கில் மூக்கை நீட்டிப் பார்த்தார். தவளை வெறும் பாறையில் உட்கார்ந்து, வாயைத் திறந்து மழையைக் குடித்துக்கொண்டிருந்தது.

"என்னடா, கூரை போச்சேன்னு வருத்தமா?"

"நல்லா கேட்டீங்க போங்க! இந்த மழைக்குத்தானே வருசம் பூரா காத்துக் கிடந்தேன். தவளைக்கு எதுக்குய்யா கூரை?"

நாட்டாமை மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். மீசையும் கூடவே போயிற்று.

நீதி: யாரும் இல்லாத இடத்தை நம் பெருமை மூடினால், யாரோ இருக்கிற வீடு நனையும்.