மைனாவின் தனிக் கச்சேரி

காட்டில் ஒரு மைனா இருந்தது. எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்லும். ஒரு கோடை முழுக்க நகரத்துக் கல்லூரி விடுதி மரத்தில் தங்கிவிட்டு வந்தது. வந்ததும், "ஹெவி மெட்டல் பாட்டுக் குழு ஆரம்பிக்கிறேன், ஆள் வேணும்" என்றது.

"அப்படின்னா?" என்றது கரடி.

"கோபம் வந்த மாதிரி கத்தணும் அண்ணே."

"எனக்கு நிஜமாவே கோபம் வருமே."

"ரொம்ப நல்லதாப் போச்சு."

கரடி அடித்தொண்டையில் உறுமியது. மரங்கொத்தி பட்டமரத்தில் டிரம்ஸ் அடித்தது. சில்வண்டு கிடார் போலக் கிறீச்சிட்டது. மைனா முன்னால் நின்று புலிக்குரலில் பாடியது. குழுவுக்கு இடிக்கூட்டம் என்று பெயர்.

முதல் கச்சேரியில் முயல்கள் ஓடிவிட்டன. அடுத்ததில் ஓடியவை திரும்பி வந்தன. அதற்கடுத்ததில் தலையை ஆட்டி ஆட்டி மான்களுக்குக் கொம்பு சிக்கிக்கொண்டது.

அருவித் திருவிழாவுக்கு யானைதான் ஆள் எடுக்கும். அங்கே பாடினால் மலை முழுக்கப் பெயர் பரவும். மைனா யாருக்கும் சொல்லாமல் யானையிடம் போனது.

"நாலு பேர் எதுக்குங்க? நாலு சத்தமும் என் வாயிலேயே இருக்கு."

ஒவ்வொன்றாகச் செய்தும் காட்டியது. "சரி, நீ மட்டும் வா" என்றது யானை.

செய்தி கேட்ட கரடி பக்கத்திலிருந்த புற்றை இடித்துத் தள்ளியது.

திருவிழா அன்று மைனா பாறைமேல் ஏறியது. புலிக்குரலில் பாடியது, கூட்டம் எழுந்தது. டிரம்ஸுக்குத் தாவியது, பாட்டு நின்றது. கிடாருக்குப் போனது, டிரம்ஸ் நின்றது.

"பாட்டு எப்போடா ஆரம்பிக்கும்?" என்றது ஒரு குரங்கு.

"இதுதான் பாட்டாம், வா போகலாம்" என்றது இன்னொன்று.

கூட்டம் கலைந்தது. மைனா இன்னும் வேகமாகத் தாவிப் பார்த்தது.

ஓரத்தில் பழைய கூட்டாளிகள் மூவரும் இருந்தார்கள். மரங்கொத்தி நெளிந்தது.

"சும்மா இரு. அவனே பார்த்துக்கட்டும்" என்றது கரடி.

"முடியல அண்ணே. தாளம் விட்டா அலகு அரிக்குது!"

மரத்தில் ஒரு போடு போட்டது. சில்வண்டு விடுமா? அதுவும் கிறீச்சிட்டது. "நாசமாப் போங்க" என்று கரடியும் உறுமியது.

மைனா மற்றதையெல்லாம் விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் பிடித்தது. நாலு சத்தமும் ஒன்றாக எழுந்தபோது அருவியின் சத்தமே யாருக்கும் கேட்கவில்லை. போன குரங்குகள் திரும்பி ஓடிவந்தன.

பாட்டு முடிந்ததும் மைனா தலைகுனிந்தது. "தப்புதான் அண்ணே."

"அதை இறங்கினப்புறம் பேசிக்கலாம். அடுத்த பாட்டு என்ன?" என்றது கரடி.

எல்லார் வேலையும் உனக்குத் தெரிந்திருக்கலாம், ஆனால் ஒரே நேரத்தில் எல்லாராகவும் நீ இருக்க முடியாது. அதனால் கூட்டாளியை உதறாதே.