ஐம்பத்திரண்டாவது படம்

சீர்காழியில் ஒரு மாடிவீட்டில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். ஏகாம்பரம், தட்சிணாமூர்த்தி, குஞ்சிதபாதம். மூவருக்கும் மூளையே இல்லை என்று ஊரில் சொல்வார்கள். அது அபாண்டம். மூவருக்கும் பொதுவில் ஒன்று இருந்தது. அன்றைக்கு அது யாரிடம் இருக்கிறது என்பதில்தான் குழப்பம்.

கடைக்குட்டி குஞ்சிதபாதத்துக்கு முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. ஒன்பது இடம் தட்டிப்போய், பத்தாவதாகக் கும்பகோணத்து மரகதத்தின் ஜாதகம் வந்தது. "ஞாயித்துக்கிழமை வீடியோவுல பாத்துக்குவோம். பிடிச்சா மேற்கொண்டு பேசுவோம்" என்றார் பெண்ணின் அப்பா. போட்டோவைப் பார்த்ததிலிருந்து குஞ்சிதபாதத்துக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. இந்த ஒரு காரியத்துக்காகவே வீட்டுக்கு நெட் இணைப்பு வாங்கினார்கள்.

இணைப்புக் கொடுக்க வந்தவர் விவரமாகத்தான் சொன்னார்.

"மாசத்துக்கு நூறு ஜிபி. ஒரு படம் ரெண்டு ஜிபின்னு வச்சுக்கிட்டா அம்பது படம் இறக்கலாம். ஏத்தினாலும் இதே கணக்குதான். சிலது தானாவே இறங்கும், அதுவும் இதுலதான் கழியும்."

"தாண்டிட்டா?" என்றார் ஏகாம்பரம்.

"வேகம் கொறைஞ்சுடும்."

"யாரோட வேகம்?"

"உங்களோடதுதாங்க, வேற யாரோடது?"

மூன்று பேரும் சுவரைப் பார்த்தார்கள். சாமி படமும் அப்பா படமுமாக இருபத்து மூன்று மாட்டியிருந்தது. பெண் வீட்டார் பார்க்கப்போகும் சுவர், வெள்ளையடிக்காமல் விட முடியாது.

"இறக்க இருபத்து மூணு, ஏத்த இருபத்து மூணு, நாப்பத்தாறு. நாலு மிச்சம் இருக்கும்" என்றார் தட்சிணாமூர்த்தி. அன்றைக்கு மூளை அவரிடம் இருந்தது.

ஞாயிறு காலை, எல்லாப் படத்தையும் மாட்டி முடித்த நேரத்தில் அப்பா படம் தொப்பென்று விழுந்தது.

"நாம இறக்கலையே, அப்பாவாத்தானே இறங்கினாரு" என்றான் குஞ்சிதபாதம் கலவரத்தோடு.

"தானா இறங்கினாலும் கழியும்னாரே அந்த ஆளு" என்றார் ஏகாம்பரம்.

"நம்ம கஷ்டம் அப்பாவுக்குத் தெரியாதா அண்ணே?"

"உசுரோட இருந்தப்பவே தெரியாது."

நாற்பத்தேழு. திரும்ப மாட்டியதில் நாற்பத்தெட்டு. அதோடு விட்டிருக்கலாம். பிள்ளையாரும் முருகனும் இடம் மாறியிருப்பது ஏகாம்பரத்தின் கண்ணில் பட்டுவிட்டது. இரண்டை இறக்கி, இரண்டை ஏற்றி, நிமிர்ந்தபோது கணக்கு ஐம்பத்திரண்டு.

அந்த நொடியிலிருந்து மூவரும் வேகம் குறைந்தார்கள். ஏகாம்பரம் நாற்காலியில் உட்கார்ந்து முடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று.

பத்து மணிக்கு அழைப்பு வந்தது. குஞ்சிதபாதம் கும்பிட ஆரம்பித்தான். கை நெஞ்சுக்கு வருவதற்குள் பெண்ணின் அப்பா காபி குடித்து முடித்துவிட்டார்.

மரகதம் போனைத் தன் பக்கம் திருப்பினாள். "என்னைப் பிடிச்சிருக்கா? மறைக்காம சொல்லுங்க."

அவன் மனசு நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. இப்படி ஒருத்தி தன்னை இப்படிக் கேட்பாள் என்று அவன் நினைத்ததே இல்லை. ஆனால் வாய் லிமிட்டுக்குக் கட்டுப்பட்டது.

"பி..."

அங்கே எல்லோரும் போனுக்குப் பக்கத்தில் வந்தார்கள்.

"டி..."

பிடிச்சிருக்கா, பிடிக்கலையா என்று தெரியாமல் அரைமணி போயிற்று. "இந்த நெட்டை நம்பினா முகூர்த்த மாசம் போயிடும். கிளம்பும்மா, நேர்லயே கேட்டுடலாம்" என்று பெண்ணின் அப்பா எழுந்தார். போனை அப்படியே வைத்துவிட்டுப் பஸ் ஏறினார்கள்.

இங்கே போனில் காலி நாற்காலி தெரிந்தது. "பொ...ண்ணு... தீ...ந்து...டுச்சு" என்றார் ஏகாம்பரம். குஞ்சிதபாதத்துக்குக் கண் கலங்கியது. அதுவும் மெதுவாகத்தான் கலங்கியது. ஆனாலும் அவன் சொல்வதை நிறுத்தவில்லை.

மத்தியானம் அவர்கள் படியேறி வந்து வாசலில் நின்றபோது அவன் "ச்"சில் இருந்தான். தலையைத் தூக்கினான். ஆளுயரத்துக்கு மரகதம். நெற்றி வியர்வை வரைக்கும் தெரிந்தது.

"அண்ணே, வேகம் வந்துடுச்சு" என்று துள்ளினான். "பொண்ணு என்ன தெளிவு பாருங்க. பிடிச்சிருக்கு, பிடிச்சிருக்கு, ரொம்பப் பிடிச்சிருக்கு."

மரகதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கும்..." என்று ஆரம்பித்தாள்.

"சத்தமும் வருதே" என்றார் தட்சிணாமூர்த்தி.

"பாத்தவரைக்கும் போதும், திரும்பத் தீந்துடப்போவுது" என்று ஏகாம்பரம் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார்.