வீட்டு டப்பா

கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்கு அப்போதெல்லாம் பொழுது விடிவதே வரதப்பர் கடையில் காபிக்கொட்டை வறுபடும் வாசனையில்தான்.

ஒரு பொங்கல் சமயம் அவருக்குப் பேராசை வந்தது. மெஷினில் அரைக்கும் இருளாண்டி அண்ணனைக் கூப்பிட்டார். "பாதிக்குப் பாதி சிக்கரி கலந்துடு. சுத்தமான தூள்னு விற்போம். ஒருத்தர் காதுக்கும் போகக்கூடாது."

"நான் வாயே திறக்க மாட்டேன், முதலாளி."

மறுநாள் கடையில் கூட்டம். முதலாளியின் மனைவியும் டப்பாவோடு வந்தார். அண்ணன் கலந்த தூளையே அள்ளி அள்ளி அதில் போட்டார்.

"அடேய், சிக்கரி கலந்தது நம்ம வீட்டுக்கு வேண்டாம்டா! அது கடைக்கு வர்றவங்களுக்கு!" என்று அலறினார் வரதப்பர்.

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"நான் வாயே திறக்கலையே, முதலாளி," என்றார் அண்ணன்.

சிக்கரி அன்றோடு ஒழிந்தது. கடையும் அந்த வாசனையும் பிற்பாடு போய்விட்டன. ஆனாலும் எங்கள் தெருக்காரர்கள் எந்தக் கடையில் எதை வாங்கினாலும் இன்றும் கேட்பார்கள்: "உங்க வீட்டுக்கும் இதுதானா?"