இடைவேளைக்குப் பிந்தைய பாடம்

ஏழை ஒருவன் வியாபாரத்தில் கொடிகட்டிப் பறக்கும் படம் அது. அப்பளக் கம்பெனி முதலாளி ரத்தினசபாபதி, பாடம் கற்றுக்கொள்ளட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை வேலையாட்கள் எல்லாரையும் கூட்டிப்போனார். இடைவேளைக்குப் பிறகு அவர் விட்ட குறட்டையில், பின் வரிசையிலிருந்த முத்துப்பேச்சிக்கு வசனமே கேட்கவில்லை.

மறுநாள் முதலாளி கம்பெனியில் எல்லாரையும் நிற்கவைத்தார்.

"ஒரு சீன் விடாம பாத்தவன் நான். எனக்குத் தெரியாத பாடம் ஒண்ணு சொல்லுங்க பாப்போம். சொல்லலேன்னா இனி ஞாயித்துக்கிழமையும் வேலைதான்."

மேனேஜர் உழைப்பு என்றார். "அது எனக்குத் தெரியாதாக்கும்!" என்றார் முதலாளி.

மாவு உருட்டும் முத்துப்பேச்சி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டாம் பாதியில, ஞாயித்துக்கிழமை லீவுக்கும் சம்பளம் குடுப்பாரே மொதலாளி. அப்புறந்தானே யாவாரமே சூடு பிடிக்குது?"

படத்தில் அப்படியொரு சீனே கிடையாது. எல்லாரும் ஆமாமென்று தலையாட்டினார்கள். மேனேஜர், "அருமையான சீன் சார்" என்றார்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "பாத்தேன், பாத்தேன். இந்த வாரத்துலருந்து நாமளும் குடுக்கலாம்னுதான் இருக்கேன்."

அடுத்த ஞாயிறு அவர் தனியாகப் போய் அதே படத்தைப் பார்த்தார். இடைவேளை வரை அந்த சீன் வரவில்லை. அதற்குப் பிறகு வந்ததா என்று அவருக்குத் தெரியாது.