பத்து மணி நேரப் பயணம்

சென்னைக்குப் பக்கத்தில், விமான நிலைய மதிலை ஒட்டிய ஏரியில் வாலழகன் என்ற ஊசிவால் வாத்தும் அவன் மனைவி செம்பியும் குளிர்காலம் முழுக்கத் தங்கியிருந்தார்கள். வெயில் ஏறியதும் கூட்டத்தோடு வடக்கே, பனி உருகும் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அங்கே நேரத்தோடு போய்ச் சேர்ந்தால்தான் கூடு கட்டி முட்டையிட முடியும்.

அதனால் எல்லா வாத்துகளும் விழுந்து விழுந்து தின்றன. விதை, நத்தை, புழு, எதையும் விடவில்லை. வாலழகனுக்கு மட்டும் வேறு கவலை. வயிறு பெருத்தால் வாலின் அழகு போய்விடுமே என்று தண்ணீரில் பார்த்துப் பார்த்து நொந்துபோனான்.

அதைக் கண்டது கரியான் காக்கை. "என்ன மாப்பிள்ளே, பானை மாதிரி ஆயிட்டே!"

"ரொம்ப தூரம் போகணும் மாமா. தின்னாத்தானே தெம்பு?"

"எது தூரம்? நான் விமான நிலையத்துலயே குடியிருக்கிறவன். என்னைக் கேளு! அந்த ஊருக்குப் பத்தே மணி நேரம்! காலையில இங்கே இட்லி தின்னுட்டு ஏறினவங்க, ராத்திரி அங்கே சாப்பாட்டுக்கு உட்கார்ந்துடறாங்க!"

"அது விமானமாச்சே?"

"அட அசடு! அதுக்கு இறக்கையை அசைக்கக்கூடத் தெரியாது. விறைச்சுக்கிட்டுப் போற அதுக்கே பத்து மணி நேரம்னா, படபடன்னு அடிக்கிற நீ எவ்வளவு சீக்கிரம் போயிடுவே!"

வாலழகனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றோடு தின்பதை நிறுத்தினான். "ஏங்க, நாலு நத்தையாவது தின்னுங்க!" என்று செம்பி கெஞ்சினாள். "போடி, கணக்குத் தெரியாதவளே! பத்தே மணி நேரம்னு காக்கா மாமா சொல்லிட்டார்!" என்று அவள் வாயை அடைத்தான்.

கூட்டம் கிளம்பியது. எல்லோருக்கும் முன்னால் ஜம்மென்று பறந்தான் வாலழகன். பத்து மணி நேரமும் ஆயிற்று. பனியையும் காணோம், ஊரையும் காணோம். கீழே இன்னும் நெல் வயல்தான்! அவனுக்குத் தலை சுற்றியது. ஒரு குட்டையில் பொத்தென்று விழுந்தான். செம்பி பதறிப்போய்ப் பின்னாலேயே இறங்கினாள். கூட்டம் நிற்காமல் போய்விட்டது.

அப்போது மேலே ஒரு விமானம் போயிற்று. "அது மட்டும் ஏன் விழலே?" என்று முனகினான்.

"கிளம்பறதுக்கு முன்னால பெரிய லாரி வந்து அதன் வயிறு நிறைய எண்ணெய் ஊத்திட்டுப் போறதை நான் தினமும் பார்த்திருக்கேன். உங்க காக்கா மாமா அதைச் சொல்லலியா?"

"நேரத்தை மட்டும்தான் சொன்னார்."

"இனிமே நீங்க தின்னு தேறி நாம போய்ச் சேர்றதுக்குள்ளே அங்கே கோடை முடிஞ்சிடும். இந்த வருஷம் நமக்குக் குஞ்சு இல்லீங்க" என்றாள் செம்பி.

வாலழகன் வெட்கத்தோடு தலையைச் சேற்றில் விட்டு நத்தை தேடினான்.

பிறர் போன நேரத்தை வைத்து நம் பயணத்தை அளக்கக் கூடாது. நம் உடம்பின் தெம்பை வைத்துத்தான் அளக்க வேண்டும்.