உடும்பு வாங்கிய பதினொரு புள்ளிகள்

காட்டுக்கு நடுவே ஒரு குட்டை இருந்தது. கோடை முற்றினால் அது சுருங்கி, நடுவில் ஒரே ஒரு பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும். காலையில் அந்தப் பள்ளத்தில் யார் முதலில் இறங்குவது? அங்கே இருந்த ஒரே தகராறு அதுதான்.

பன்றிகள் முதலில் இறங்கினால் குடித்துவிட்டுச் சும்மா போகாது. உருண்டு புரண்டு, தண்ணீரைச் சேறாக்கிவிட்டுத்தான் கரையேறும். பிறகு வருகிற முயலும் ஆமையும் உடும்பும் அந்தச் சேற்றை நக்கிவிட்டுப் போகவேண்டியதுதான். போன கோடையில் முயலின் குட்டிகள் இரண்டு வயிறு வீங்கிச் செத்தன.

இந்தத் தகராறுக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கோடை தொடங்கியதும் பன்றிக் கூட்டத்திலிருந்து ஒருவர், சின்னப் பிராணிகளிலிருந்து ஒருவர், மல்லுக்கு நிற்கவேண்டும். எதிராளியை மல்லாத்தி இரண்டு தோளையும் தரையில் அழுத்தியவர் கூட்டத்துக்கு மழை வரும்வரை முதல் தண்ணீர். ஒவ்வொரு வருடமும் பன்றிகள் இருப்பதிலேயே தடித்தவனை அனுப்பும். இந்தப் பக்கமிருந்து முயல் போய் நிற்கும். மூச்சு விடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

செவத்தி என்ற உடும்புக்கு இது பொறுக்கவில்லை.

"மிதிக்கிறதுக்குப் பேரு மல்லா?" என்று கேட்டாள். "சட்டம் வேணும்ணே. சட்டம் இருந்தா நாமளும் ஜெயிக்கலாம்!"

அவள் கேட்டது அழுங்கு சுருளியிடம். சுருளி எறும்பு தின்பவன். ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்வான். ஆபத்து இல்லாவிட்டாலும் பாதி நேரம் சுருண்டேதான் கிடப்பான்.

"சட்டம் வந்தா முயல் பன்றி ஆயிருமா தாயி?" என்றான் சுருளி.

"ஆகாது. ஆனா முயல் எதுக்குப் பன்றியோட நிக்கணும்? எடைக்கு எடை நிக்கட்டும். பலத்துக்கு மட்டும் இல்லாம, வித்தைக்கும் புள்ளி கிடைக்கட்டும்."

அவள் ராவும் பகலும் யோசித்துச் சட்டம் செய்தாள். யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. மண்ணில் வாலால் வட்டம் போட்டு, அதற்குள் தனக்குத்தானே மல்லுக்கட்டிப் பார்த்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். பிறகு பன்றித் தலைவனிடம் போனாள்.

"நாவல் மரத்துத் தாழ்ந்த கிளையில ரெண்டு பேரும் தனித்தனியாத் தொங்கணும். கிளை ஒரே அளவு தாழ்ந்தாத்தான் ஜோடி" என்றாள். "ஆட்டம் மூணு சுத்து. ரெண்டாவது சுத்தை மட்டும் ஒருத்தர் கீழே, ஒருத்தர் மேலேன்னு தொடங்கணும். நிக்கிறவனைச் சாச்சு மேல ஏறுனா மூணு புள்ளி. பிடியிலிருந்து நழுவி எழுந்துட்டா ஒண்ணு. கீழே கிடந்தவன் புரட்டி மேல வந்துட்டா ரெண்டு. எதிராளி முதுகு தரையைத் தொடப்போற மாதிரிக் கொஞ்ச நேரம் சாச்சு வச்சா மூணு. வட்டத்துக்கு வெளியே போனா நிறுத்தி, திரும்ப நடுவுல நிக்கணும். சண்டை போடாம ஓடி ஓடிப் போறவனுக்கு முதல்ல எச்சரிக்கை, அப்புறம் எதிராளிக்குப் புள்ளி!"

பன்றித் தலைவன் வெகுநேரம் உறுமினான். எடைக்கு உறுமினான். புள்ளிக்கு அதைவிடப் பெரிதாக உறுமினான். கடைசியில் பெருந்தன்மையாகத் தலையாட்டினான்.

"சரி, எல்லாம் வச்சுக்க! எத்தனை புள்ளி வேணும்னாலும் போட்டுக்கங்க. எங்க பாட்டன் காலத்து வழக்கம் ஒண்ணே ஒண்ணு இருக்கட்டும். ரெண்டு தோளும் தரையில பட்டு, நடுவர் ரெண்டு எண்ணி முடிக்கிற வரைக்கும் கிடந்துட்டா, ஆட்டம் அதோட முடிஞ்சது. அப்புறம் புள்ளிக்குப் பேச்சில்ல!"

செவத்திக்கு அது நியாயமாகவே பட்டது. மல்லாத்துவதுதானே மல்லுக்கே உயிர்?

"நடுவர் யாரு?" என்றான் தலைவன்.

அதையும் அவளே யோசித்து வைத்திருந்தாள். "கொக்கய்யா!"

அது உண்ணிக்கொக்கு. நீண்ட கால், வெள்ளை உடம்பு, யாரோடும் சண்டைக்குப் போகாத குணம். குனிந்து பார்த்தால் இடுக்கில் இருப்பதெல்லாம் அதன் கண்ணுக்குத் தெரியும். காட்டில் எல்லோரும் மரியாதையாகக் கொக்கய்யா என்றுதான் கூப்பிடுவார்கள்.

இதற்கு மட்டும் பன்றித் தலைவன் உறுமவில்லை. "அதுக்கென்ன, தாராளமா!" என்றான்.

திரும்பி வரும் வழியில் சுருளி முனகினான். "தாயி, கொக்கய்யா தினமும் பன்றி முதுகுல உக்காந்து உண்ணி பொறுக்கித் தின்னுறவரு. அவருக்குச் சோறே அந்த முதுகுலதான்."

"தின்னட்டுமே! அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எல்லாச் சட்டமும் நான் சொல்லிட்டேன். அவரு ரெண்டு வரைக்கும் எண்ணணும், அவ்வளவுதான். அதுல என்னண்ணே வில்லங்கம் வந்துரப்போகுது?"

சுருளி சுருண்டுகொண்டான்.

கொக்கய்யா எண்ணும் விதத்தை எல்லோர் முன்னாலும் செய்து காட்டினார். கழுத்தை ஒருமுறை நீட்டி மடக்கினால் ஒன்று. மறுமுறை நீட்டி மடக்கினால் இரண்டு. உடனே இறக்கையால் தரையில் ஓர் அடி! ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று.

பன்றிகள் கொம்பையாவை அனுப்பின. அவன் இளவட்டம். இன்னும் கோரைப்பல் முழுதாக முளைக்கவில்லை. சின்னப் பிராணிகளில் மல்லுத் தெரிந்தவள் செவத்தி ஒருத்திதான். ஆனால் கிளையில் தொங்கினால் அவள் கொஞ்சம் கனத்தாள். அதனால் தீனியை நிறுத்தினாள். அதுவும் போதாமல் தண்ணீரையும் நிறுத்தினாள். நாக்கு வெளியே தள்ள, வெயிலில் கிடந்து உடம்பை வற்றவைத்தாள்.

"தண்ணிக்காகத் தண்ணி குடிக்காமக் கிடக்கிற ஒரே பிறவி நீதான் தாயி!" என்றான் சுருளி.

கிளை இருவருக்கும் ஒரே அளவு தாழ்ந்தது. இறங்கியதும் கொம்பையா பள்ளத்துக்குப் போய் வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்தான். எடை பார்த்த பிறகு குடிக்கக்கூடாது என்று சட்டத்தில் இல்லை. செவத்தியும் போனாள். பன்றிகள் கலக்கிவிட்ட சேறுதான் மிஞ்சியிருந்தது. இரண்டு வாய் நக்கிவிட்டு வட்டத்துக்குள் வந்தாள்.

"முதல் சுத்து!" என்று தவளை கத்தியது. புள்ளி சொல்வது தவளையின் வேலை.

கொம்பையா தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்தான். செவத்தி விலகவில்லை. அவன் முன்னங்கால்களுக்கு அடியில் புகுந்து, ஒரு காலைக் கவ்விப் பிடித்துக்கொண்டு சுழன்றாள். தொப்பென்று விழுந்தான் அவன். அவள் மேலே ஏறிவிட்டாள்.

"உடும்புக்கு மூணு!" என்றது தவளை.

முயல்கள் குதித்தன. ஆமை சத்தமே இல்லாமல் கழுத்தை ஆட்டியது. கொம்பையா முட்டி மோதி, பிடியிலிருந்து நழுவி எழுந்தான். பன்றிக்கு ஒன்று. அதற்குப் பிறகு அவன் கிட்டேயே வரவில்லை. வட்டத்தின் ஓரமாகவே சுற்றினான்.

"டேய் தம்பி! ஓடாதே! எச்சரிக்கை!" என்று அதட்டினார் கொக்கய்யா.

"பாருங்க, பன்றியையே அதட்டுறாரு! நேர்மைன்னா இது!" என்றது முயல்.

செவத்தி சுருளியைத் திரும்பிப் பார்த்தாள். சுருளி இன்னும் இறுக்கிச் சுருண்டான்.

இரண்டாம் சுற்றில் செவத்தி கீழே, கொம்பையா மேலே என்று தொடங்கினார்கள். அவன் முழுக் கனத்தையும் போட்டு அழுத்தினான். அவள் வாலைத் தரையில் ஊன்றி, அதன் பலத்தில் ஒரு புரட்டுப் புரட்டினாள். அடுத்த கணம் மேலே அவள், கீழே அவன்!

"உடும்புக்கு ரெண்டு! மொத்தம் அஞ்சு!"

அவன் மறுபடியும் நழுவி எழுந்தான். ஐந்துக்கு இரண்டு. கொக்கய்யா ஒரு புள்ளியையும் விடவில்லை. கேட்பதற்கு முன்னால் கொடுத்தார். அள்ளி அள்ளிக் கொடுத்தார்.

மூன்றாம் சுற்று தொடங்கும்போது செவத்தியின் நாக்கு மரக்கட்டையாகக் காய்ந்திருந்தது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று நினைத்தாள். மறுபடி கொம்பையாவைச் சாய்த்தாள். மூன்று! விடாமல் அவன் தோளுக்கு அடியில் தலையைக் கொடுத்து நெம்பினாள். அவன் புரண்டான். முதுகு தரையில். ஒரு தோள் பட்டது. இன்னொரு தோளும் பட்டது. உடும்பு பிடித்தால் விடுமா? நான்கு காலின் நகமும் மண்ணில் இறங்க, அப்படியே அழுத்திக்கொண்டு கிடந்தாள்.

கொக்கய்யா குனிந்து பார்த்தார். கழுத்தை நீட்டினார். மடக்கினார். ஒன்று.

மறுபடி நீட்டினார். நீட்டினார். நீட்டிக்கொண்டே இருந்தார்.

"எண்ணுங்கய்யா!" என்று கத்தினாள் செவத்தி.

"பாக்குறேன்மா, பாக்குறேன். சரியாப் பாக்கணுமில்ல!"

கழுத்து மடங்கவில்லை. கொம்பையா காலை உதறினான், திணறினான், கடைசியில் ஒரு தோளைத் தூக்கிவிட்டான்.

"அட, தூக்கிட்டானே! சரி, முதுகைச் சாச்சு வச்சதுக்கு உடும்புக்கு மூணு புள்ளி!" என்றார் கொக்கய்யா சந்தோஷமாக.

"பதினொண்ணு!" என்று கத்தியது தவளை. "பதினொண்ணுக்கு ரெண்டு!"

முயல்களின் கூச்சலில் காடே அதிர்ந்தது. செவத்தி கொக்கய்யாவின் முகத்தையே பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்குள் கொம்பையா அவள் வாலை மிதித்துவிட்டான். வால் இல்லாமல் உடும்புக்கு ஊன்றுகோல் இல்லை. அவள் சாய்ந்தாள். இரண்டு தோளும் மண்ணைத் தொட்டதோ இல்லையோ, கொக்கய்யாவின் கழுத்து வெட்டுக்கிளி மாதிரி இரண்டு முறை துள்ளியது. பட்டென்று இறக்கை தரையில் விழுந்தது.

"முடிஞ்சது! பன்றிக்கு வெற்றி!"

செவத்தி அதற்குள் எழுந்து நின்றிருந்தாள்.

"பட்டதும் தெரியல, எழுந்ததும் தெரியல! அதுக்குள்ள ரெண்டா?" என்று சுருளி முதல்முறையாகச் சுருளாமல் நின்று கத்தினான். "அவ அழுத்துனப்ப உம்ம கழுத்துக்கு என்ன சுளுக்கா?"

கொக்கய்யா கோபப்படவில்லை. "ரெண்டு தரம் நீட்டி மடக்கணும்னு சட்டம். மடக்குனேன். எவ்வளவு வேகமா மடக்கணும்னு சட்டத்துல இருக்கா?"

"நான் பதினொண்ணு! அவன் ரெண்டு!" என்றாள் செவத்தி.

"மல்லாத்துனா புள்ளிக்குப் பேச்சில்லைன்னு ஒத்துக்கிட்டது நீதானேம்மா? உன்கிட்டேர்ந்து ஒரு புள்ளியாவது நான் பிடிச்சு வச்சுக்கிட்டேனா? நீயே சொல்லு!"

அவர் ஒன்றையும் பிடித்து வைத்துக்கொள்ளவில்லைதான்.

கொம்பையா மட்டும் அவள் பக்கத்தில் தயங்கி நின்றான். மூச்சு வாங்கியது அவனுக்கு. மெதுவாகச் சொன்னான்: "அக்கா, நீ என்னைச் சாச்சப்ப ரெண்டு தோளும் பட்டுச்சு. ரொம்ப நேரம் கிடந்தேன். எனக்குத் தெரியும்."

"அதைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லேன் தம்பி."

அவன் தன் கூட்டத்தைப் பார்த்தான். பள்ளத்துத் தண்ணீரைப் பார்த்தான்.

"தாகமா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் பன்றிகள் முதலில் இறங்கின. உருண்டன, புரண்டன. தலைவன் முதுகில் கொக்கய்யா அமைதியாக உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் கரையேறிய பிறகு சின்னப் பிராணிகள் சேற்றைச் சுற்றி உட்கார்ந்தன. அழுகைதான் இருக்கும் என்று செவத்தி நினைத்திருந்தாள். அங்கே இருந்ததோ உற்சாகம்.

"போன வருஷம் நமக்கு ஒண்ணுமே இல்ல. இந்த வருஷம் பதினொண்ணு!" என்றது முயல். அதன் இந்த வருடத்துக் குட்டிகள் சேற்றை நக்கிக்கொண்டிருந்தன.

"அடுத்த வருஷம் சாச்சா மூணு இல்ல, நாலு புள்ளி கேக்கணும்!" என்றது ஆமை. எல்லோரும் ஆமோதித்தார்கள்.

"கொக்கை மாத்தணும்" என்றாள் செவத்தி.

முயல் அவளை ஒரு நன்றிகெட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

"என்னக்கா இப்படிப் பேசுற? நமக்கு இத்தனை புள்ளி கொடுத்தது வேற யாரு?"

சுருளி அவளுக்காக ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு வழக்கம்போலச் சுருண்டுகொண்டான். செவத்தி சேற்றில் நாக்கை வைத்தாள்.

உன் கையில் புள்ளிகளை அள்ளித் தருகிறவனைப் புகழ்வதற்கு முன்னால், முடிவைச் சொல்லும் அவன் யார் முதுகில் வயிறு வளர்க்கிறான் என்று பார்.