சுடலையாண்டி மறுத்த இணைப்பு

ஜெஸிந்தாவிடம் வேலை கற்க வந்தபோது சுடலையாண்டிக்கு வயது ஐம்பத்து நான்கு. பாதி ஆயுளைத் தொலைபேசிக் கம்பங்களில் ஏறி இறங்கிக் கழித்தவர். அவளுக்கு முப்பத்தாறு. அவர் அவளை டீச்சர் என்றார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள்.

வீட்டில் அடிபடும் பெண்களுக்கான உதவி எண் ஒன்று நாகர்கோவிலில் இயங்கிவந்தது. அழைப்புகள் இணையம் வழியாக வரும். ஆலோசகர்கள் அவரவர் வீட்டிலிருந்தே பேசுவார்கள். ஜெஸிந்தாவும் ஓர் ஆலோசகர். இணைப்புகளைக் காப்பதும் அவள்தான்.

"வெளிய இருக்கிற ஃபோன் நம்மளோடதுதான்னு எப்படித் தெரியும், டீச்சர்?"

"ஒவ்வொரு ஃபோனுக்குள்ளயும் நாம ஒரு சாவி போட்டுருக்கோம். வெறும் எண்கள்தான். அழைப்பு உள்ள வர்ற வாசல்ல இருக்கிற நம்ம கருவி அதைக் கேக்கும். ஃபோனும் பதிலுக்கு நம்ம கருவிகிட்ட அதோட சாவியைக் கேக்கும். ரெண்டும் சரியா இருந்தாத்தான் பேச்சு உள்ள வரும். அதுவும் வழியில யார் எடுத்தாலும் புரியாத மாதிரி மாறித்தான் வரும்."

"சாவியை எப்படிக் குடுக்கிறது?"

"ஆளை நேர்ல பாத்து. ஃபோன்ல கேட்டா குடுக்கக் கூடாது."

"தெரிஞ்சவங்களா இருந்தாலுமா?"

அவள் அடுத்த ஃபோனை அவர் பக்கம் தள்ளினாள்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜெஸிந்தாவின் அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார். திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்; அவளும் உடன் போனாள். மதியம் இரண்டரை மணிக்கு, தெரியாத எண்ணிலிருந்து சுடலையாண்டிக்கு அழைப்பு வந்தது.

"அண்ணாச்சி, நான்தான். என் ஃபோன் உடைஞ்சுபோச்சு. தம்பி ஃபோன்ல பேசுறேன். இதுக்கு ஒரு சாவி அனுப்புங்க. மூணு மணிக்கு அந்தப் பிள்ளை கூப்பிடும்."

அந்தப் பெண்ணை அவருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் மூன்று மணிக்கு அழைப்பாள். ஜெஸிந்தாவைத் தவிர யாரிடமும் பேசமாட்டாள்.

"முடியாது, டீச்சர்."

"அப்ப அழைப்பை இந்த நம்பருக்குத் திருப்பியாவது விடுங்க."

"அதுவும் முடியாது."

"என் குரல் தெரியலையா?"

"தெரியுது."

"பிறகென்ன?"

"நேர்ல வரணும், டீச்சர்."

அவள் கெஞ்சினாள். பிறகு கத்தினாள். பிறகு அழைப்பு துண்டிக்கப்பட்டது.

மூன்று மணிக்கு அந்தப் பெண் கூப்பிட்டாள். சுடலையாண்டி வேறோர் ஆலோசகருக்கு இணைப்பைக் கொடுத்தார். "ஜெஸிந்தா அக்கா இல்லையா?" என்று மட்டும் கேட்டாளாம். உடனே வைத்துவிட்டாளாம். அவர் மாலைவரை திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த சோறு அப்படியே இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஜெஸிந்தா வந்தாள். அப்பா பிழைத்துவிட்டார். புது ஃபோனை மேசைமேல் வைத்தாள். அவர் அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அதில் சாவியைப் போட்டார்.

"டீச்சர், அன்னைக்கு என்னைச் சோதிச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல அண்ணாச்சி. நிஜமாவேதான் கெஞ்சினேன்."

"அந்தப் பிள்ளை?"

"இன்னும் கூப்பிடல."

அவர் தலை குனிந்தார். "நான் செஞ்சது தப்பா, டீச்சர்?"

ஜெஸிந்தா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தப் பிள்ளைகிட்ட ஒருநாள் கேட்டேன், 'உனக்குச் சொந்தக்காரங்களே இல்லையா, எங்களை எதுக்குக் கூப்பிடுறே?'ன்னு. 'அக்கா, உங்ககிட்ட சொன்னது மட்டுந்தான் இதுவரைக்கும் எங்க வீட்டுக்குத் திரும்பி வரல'ன்னு சொல்லிச்சு, அண்ணாச்சி."